அரணாக்கொடி போட்ட காளான் குழம்பு

இந்தப் பையைச் சித்த நேரம் மடியில வெச்சுக்கறீங்களா தம்பி? நின்னுக்கிட்டு வர்றவனுக்கு ஒரு கை கம்பியைப் புடிக்க வேணும், இன்னொரு கை வேட்டியைப் புடிக்க வேணும். பைக்கு மூணாவது கை இல்லீங்க. மெதுவாப் புடிங்க, அமுக்கிப்போடாதீங்க. உள்ள இருக்கறது காளான். காலைல புடுங்குனது.

வேட்டியை எதுக்குப் புடிக்கறேன்னு பாக்கறீங்களா? அரணாக்கொடி இடுப்புல இல்லீங்க. சட்டைப் பையில இருக்குது. வெள்ளிக்கொடி, கல்யாணத்துக்கு மாமனாரு போட்டது. அது எப்படி இடுப்புல இருந்து பைக்கு வந்துச்சுங்கறது ஒரு கதை.

அட, பக்கத்துல எடம் காலியாயிருச்சு. நகருங்க, உக்காந்துக்கறேன். பை உங்க மடியிலயே இருக்கட்டும். கீழ வெச்சா எவனாச்சும் மிதிச்சுருவான்.

நீங்க அந்தியூருக்குப் போறீங்களா? நான் அதுக்கு முன்னாடியே, கொளிஞ்சிப்புதூர்ல எறங்கிக்குவேன். என்ற பொண்டாட்டி பொறந்த ஊரு அது. மச்சான் மாரப்பன் ஊடு அங்கதான் இருக்குது. பொண்டாட்டியும் இப்ப அங்கதான் இருக்கறா. கூட்டிக்கிட்டு வரத்தான் போறேன். வருவாளா மாட்டாளான்னு தெரியலை. உங்ககிட்ட எதுக்கு மறைக்கோணும், அவ இல்லாத ஊடு நல்லாவே இல்லீங்க.

எங்கூருல பொங்கியண்ணன்னு கேட்டீங்கன்னா எந்தப் பொங்கியண்ணன்னு திருப்பிக் கேப்பாங்க. காளான் பொங்கியண்ணன்னு கேட்டுப் பாருங்க, நேரா எங்க ஊட்டு வாசல்லயே கொண்டாந்து வுட்டுப்போட்டுப் போவாங்க. அப்படி ஒரு பேருங்க. பேரு இருந்துச்சுன்னு சொல்லோணும் இப்ப. சரி, அதுக்கு வர்றேன்.

ஐப்பசியில இடி இடிச்சு மழை பேஞ்சுதுன்னு வெச்சுக்குங்க. மறுநா காலைல புத்து மேட்டைச் சுத்தி வெள்ளை வெள்ளையாத் தலை தூக்கியிருக்கும். புத்துக்காளான். அதைப் புடுங்கிக் கொண்டாந்து மொளவும் சீரகமும் அரைச்சு ஊத்திக் கொழம்பு வெச்சா, கறிச்சோத்தை அக்கட்ட தள்ளி வெச்சுப்போட்டு இதைத் திம்பீங்க. ஆனா அதே வெள்ளையில, அதே ஒசரத்துல, அதே மாதிரி கொடை விரிச்சுக்கிட்டு விசக்காளானும் நிக்குமுங்க. பாத்தா கூடப் பொறந்ததாட்டம் இருக்கும். ஒண்ணைத் தின்னா இன்னொரு கிண்ணம் கேப்பீங்க. இன்னொண்ணைத் தின்னா ஆஸ்பத்திரிதான்.

அதைப் பிரிக்கற வித்தை எங்கிட்ட இருக்குதுங்க. சட்டியில தண்ணி ஊத்தி, மஞ்சப்பொடி போட்டு, காளானைப் போட்டுக் கொதிக்க வுடோணும். நல்லாக் கொதிக்கறப்ப அரணாக்கொடியை அவுத்து அதுக்குள்ள போடோணும். அப்பறம் வெத்தலை போட்டுக்கிட்டு உக்காந்துறோணும். வாயில இருக்கறதை மென்னு துப்புனதுக்கப்பறம் கரண்டியில கொடியைத் தூக்கிப் பாக்கோணும். வெள்ளையா இருந்தாச் சாப்பிடலாம். கறுத்திருந்தா அத்தனையும் குப்பைக்குழிக்கு. வெள்ளி பொய் சொல்லாதுங்க.

ஊர்ல யாரு காளான் புடுங்குனாலும் எங்க ஊட்டுக்குத்தான் வரும். மழைக்காலத்துல காலைல வாசல்ல கூடை கூடையா நிக்கும். நான் கட்டில்ல உக்காந்துக்கிட்டு, 'சரி, வெச்சுட்டுப் போங்க, பாத்துச் சொல்றேன்'னு சொல்லுவேன். இத்தனை வருசத்துல ஒருத்தனுக்கு ஒரு வயித்துவலி வந்ததில்லீங்க. கொடி இல்லாம அத்தனை நேரமும் ஒரு கையில வேட்டியைப் புடிச்சுக்கிட்டே நிக்கோணும். ஊருக்காக அதையும் பொறுத்துக்கிட்டேன்.

சாமியாத்தாளுக்கு, அதான் என்ற சம்சாரத்துக்கு, இந்த வித்தையில மொதல்லருந்தே மரியாதை இல்லீங்க. 'இடுப்புல கெடந்ததைக் கொண்டாந்து சோத்துச் சட்டியிலயா போடுவீங்க'ன்னு கேப்பா. புளி போட்டுத் தேச்சுக் கழுவினாத்தான் சட்டிக்கிட்டயே வுடுவா. சரி, பொம்பளைக்குச் சுத்தம் முக்கியம், தேச்சுக் குடுத்துருவேன். அவளுக்கு இதுல இருக்கற வேலை காளானை ஆஞ்சு கழுவறது மட்டுந்தான். மண்ணு போகக் கழுவிக் குடுத்தா மத்ததை நான் பாத்துக்குவேன்.

நல்லவதானுங்க. குத்தம்னு சொல்லோணும்னா ஒண்ணே ஒண்ணுதான். கைவீச்சு. கூடை நெறையக் குடுத்தா, கழுவிக் கொண்டாறப்ப அரைக்கூடைதான் இருக்கும். சில நாளு அதுவும் இருக்காது.

எப்படிங்கறீங்களா? முருங்கை மரத்தடியில முறத்தை வெச்சுக்கிட்டுக் குந்துவா. ஒவ்வொண்ணா எடுப்பா. மொதல்ல அடியைப் பாப்பா. எலிவாலாட்டம் நீளமா வேர் இருந்தா முறத்துல போடுவா. வேரில்லாம மொட்டையா இருந்தா மூஞ்சியச் சுளிப்பா. அப்பறம் தண்டைப் பாப்பா. அதுல வளையமாட்டம் ஒரு பட்டை சுத்தியிருந்தா அது போச்சு. அப்பறம் கொடையத் திருப்பி உள்ள பாப்பா. உள்ள சீப்புப்பல்லு மாதிரி வரிவரியா இருக்கும் பாருங்க, அதுல ரவையூண்டு பச்சை தெரிஞ்சாப் போதும், நல்லாத் தட்டு மாதிரி விரிஞ்ச பெரிய காளானாப் பாத்து வீசுவா. கடைசியில ஒரு குழி வெட்டி அத்தனையும் பொதைச்சுருவா. கோழி கூடக் கொத்தக்கூடாதாம். இது என்ன வேண்டுதலோ, யாரு சொல்லிக் குடுத்தாங்களோ.

சந்தேகம்னு வந்துட்டா இன்னும் மோசமுங்க. தண்டைக் கிள்ளிப்போட்டுக் கொடைய மட்டும் வெள்ளைத்துணி மேல கவுத்து வெச்சுருவா. ஒருக்கா என்ற பட்டுக்கரை வேட்டி மேலயே கவுத்து வெச்சுட்டா. மறுநா எடுத்துப் பாத்தா வேட்டியில வட்டமாப் பச்சைப்பொடி படிஞ்சு கெடக்குது. 'பாத்தீங்களா, பச்சை'ங்கறா, என்னமோ பொதையலக் கண்டவளாட்டம். நான் வேட்டியப் பாக்கறேன். சலவைக்குப் போட்டும் போகலீங்க அது.

கொடி கறுத்ததே இல்லையான்னு கேக்கறீங்க. ஒரே ஒருக்கா கறுத்துச்சு. அன்னைக்குச் சாமியாத்தா நெறையப் பூண்டு தட்டிப் போட்டிருந்தா. தூக்கிப் பாத்தாக் கொடி கன்னங்கரேல்னு இருக்குது. சட்டியோட கொண்டு போயிக் குழியில ஊத்திட்டேன். 'பூண்டுக்கு வெள்ளி கறுக்குமுங்க, நல்ல காளானுங்க அது'ன்னு பின்னாலயே கத்திக்கிட்டு வந்தா. கேப்பனா? அன்னைக்கு நான் மட்டும் இல்லீன்னா எங்க தெருவே படுத்திருக்கும். அதுல கூத்து என்னன்னா, வறுக்கறதுக்குன்னு ஒரு கிண்ணம் தனியா எடுத்து வெச்சிருந்தா. கோவத்துல அதைத் தானே தின்னுபோட்டா. அவளுக்கு ஒண்ணும் ஆகலீங்க. அவ உடம்பு அப்படி. கல்லைத் தின்னாலும் செரிச்சுரும்.

இப்ப இந்த ஐப்பசிக்கு வர்றேன். எங்க சம்பந்தி சென்னியப்பன் இருக்கறாருங்க, பொண்ணைக் குடுத்த எடம், காங்கயத்துப் பக்கம். அவருக்கு எப்பவும் ஒரு நக்கலு. காளான்னா கடையில பொட்டியில வருமே, சட்டைப் பொத்தானாட்டம், அதைத்தான் காளான்னு நெனைச்சுக்கிட்டு இருக்கறாரு. 'காட்டுல மொளைக்கறதையெல்லாம் தின்னுக்கிட்டு, நீங்க என்னங்க சம்பந்தி'ம்பாரு. ஒரு நாளைக்கு இவருக்குக் காட்டோணும்னு மனசுல வெச்சிருந்தேன். நல்ல மழை பேஞ்சுது. போனைப் போட்டு, 'நாளைக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு வாங்க'ன்னுட்டேன்.

மறுநா காலைல நானே போயி ரெண்டு கூடை புடுங்கிட்டு வந்தேன். பக்கத்து ஊட்டுப் பொம்பளைங்களும் அவங்க பங்குக்குக் கொண்டாந்திருந்தாங்க. சாமியாத்தா முருங்கை மரத்தடியில குந்தியிருக்கறா. நான் போயிப் பாக்கறேன், முறத்துல ஒரு புடி கெடக்குது. அக்கட்ட கழிச்சது குன்றாட்டம் கெடக்குது. மனுசனுக்குக் கோவம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்க. சம்பந்தி வந்துக்கிட்டு இருக்கறாரு. எனக்கு என்ன வாயில வருதுன்னே தெரியலை. 'உன்ற பொறந்த ஊட்டுச் சீதனமா இது, வாரி வாரி எறியறதுக்கு'ன்னு கேட்டுப்போட்டேன். பொம்பளைங்க அத்தனை பேரும் நிக்கறாங்க.

அவ திருப்பிப் பேசியிருந்தாக்கூடச் சண்டை போட்டு முடிஞ்சிருக்கும். எந்திரிச்சா, கையக் கழுவுனா, சேலைய மாத்துனா. ரெண்டு சேலைய மடிச்சுப் பையில வெச்சா. பஸ்ஸு ஏறிட்டா. கழிச்சதைப் பொதைக்கக்கூட இல்லை, அப்படியே கெடக்குது. மத்த பொம்பளைங்க அவங்கவங்க கூடையத் தூக்கிக்கிட்டு நழுவிட்டாங்க. சம்பந்தி ஒறம்பர வர்ற நேரத்துல இப்படிப் பண்ணுனா நான் என்ன பண்ணுவேன்?

முறத்துல இருந்தது ரெண்டு பேருக்குக் காணாதுங்க. குழம்பா வெக்கறது, ரசமா வெக்கறது? அக்கட்ட பாத்தா நல்லா வெள்ளை வெளேர்னு தாமரை எலையாட்டம் விரிஞ்சது அத்தனையும் கெடக்குது. வாரி முறத்துல கொட்டிக் கலக்கி வுட்டேன். கலந்ததுக்கப்பறம் அவ வெச்சது எது, கழிச்சது எதுன்னு எனக்கே தெரியலை. தெரியவும் வேண்டியதில்லையே, கொடி இருக்குதே. மஞ்சப்பொடி எங்க வெச்சிருக்கறான்னு தேடிப் பாத்தேன், கெடைக்கலை. கடையில ஒரு பாக்கெட்டு வாங்கியாந்து போட்டேன். கொதிக்க வுட்டேன். கொடியைப் போட்டேன். வெத்தலை போட்டேன். தூக்கிப் பாக்கறேன், இன்னைக்குத்தான் பட்டறையில இருந்து வந்ததாட்டம் மின்னுது.

சம்பந்தியைக் கூப்பிட்டுக் காட்டுனேன். 'பாத்துக்குங்க, அக்மார்க்'குன்னேன். அவரும் கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாத்தாரு. மொதக் கிண்ணத்தைப் பயந்து பயந்து தின்னாரு. அடுத்ததை அவரே எடுத்து ஊத்திக்கிட்டாரு. சட்டியச் சொரண்டற சத்தம் கேட்டப்ப என்ற நெஞ்சு நிமுந்துச்சு பாருங்க, அது வேற.

சாப்பிட்டுப் பாயைப் போட்டுப் படுத்தோம். கண்ணு அசந்துருக்கும். வயித்துக்குள்ள யாரோ துணி புழியறாப்புல இருந்துச்சு. எந்திரிச்சு ஓடறேன், எனக்கு முன்னாடி சம்பந்தி ஓடறாரு. எங்க ஊட்டுக்கு ஒரே கக்கூஸுதானுங்க. அதுக்கு மேல நான் சொல்லலை, நீங்க சாப்பிட்டிருப்பீங்க. பக்கத்து ஊட்டுக்காரங்க கார் புடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலு. ரெண்டு பேரு கையிலயும் குளுக்கோஸு. சம்பந்தி வாந்தி எடுத்துப்போட்டுத் தலையத் தூக்கி, 'ருசி என்னமோ ருசிதானுங்க சம்பந்தி'ங்கறாரு. பெரிய மனுசன்.

டாக்டரம்மா சின்னப்புள்ளைங்க. நல்லா அன்பாத்தான் பேசுச்சு. நான் கொடி விசயத்தைச் சொன்னேன். கேட்டுப்போட்டு, 'அய்யா, வெள்ளிக்கும் காளான் விசத்துக்கும் சம்பந்தமே இல்லீங்க. மஞ்சளும் கண்டுபுடிக்காது, பூண்டும் கண்டுபுடிக்காது. கொதிக்க வெச்சாலும் போகாது. வாந்தியோட நின்னுது உங்க நல்ல நேரம். சில காளான் ஈரலையே அழிச்சுரும், அது மொதல்ல வலிக்கக்கூட வலிக்காது'ன்னு சொல்லுச்சு. பாவம், பட்டணத்துல படிச்ச புள்ள. அப்பறம் ஒண்ணு கேட்டுச்சு பாருங்க, 'இத்தனை வருசமா எப்படித் தப்பிச்சீங்க? காளானை ஆஞ்சு குடுக்கறது யாரு?'ன்னு. இதுதான் சம்சாரம், அவதான் கழுவிக் குடுப்பான்னு காட்டுனேன். டாக்டரம்மா சாமியாத்தாளைப் பாத்துச்சு. சாமியாத்தா டாக்டரம்மாவைப் பாத்தா. ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டாங்க. பொம்பளைங்க சிரிச்சுக்கிட்டா நாம காரணம் கேக்கக்கூடாதுங்க.

சாமியாத்தா எப்ப வந்தாளா? சேதி கேட்டதும் ஓடி வந்துட்டாளுங்க. வந்தவ அழுதா. என்ற கையப் புடிச்சுக்கிட்டு அப்படி அழுதா. கல்யாணம் ஆயி இத்தனை வருசத்துல எனக்காக அவ அழுது நான் பாத்ததில்லீங்க. கஞ்சி வெச்சுக் கொண்டாந்து கரண்டி கரண்டியா ஊட்டுனா. 'கழிச்சு எறிஞ்சதை எடுத்தீங்களா'ன்னு மட்டும் மெதுவாக் கேட்டா. ஆமான்னேன். 'அதுல வேரில்லீங்க. உள்ள பச்சை ஓடியிருந்துச்சுங்க. வருசம் முச்சூடும் இதைத்தானுங்க சொல்லிக்கிட்டு இருக்கறேன்'னா. நான் ஒத்தைக்கையில அவ தலையத் தடவிக் குடுத்தேன். எனக்கு மனசு எளகிப் போச்சு. எளகுன மனசோட, ஆறுதலாத்தான் சொன்னேன். 'நீ வெசனப்படாத சாமியாத்தா, உன்ற மேல தப்பில்லை, என்ற மேலயும் தப்பில்லை, உங்கப்பன் போட்ட வெள்ளிதான் போலி'ன்னேன்.

கரண்டி அப்படியே நின்னுருச்சுங்க. கஞ்சிக் கிண்ணத்தை டக்குனு கீழ வெச்சா. 'ஆறப் போகுது, குடிச்சுக்குங்க'ன்னு சொல்லிப்போட்டு எந்திரிச்சா. வாசப்படிகிட்ட நின்னு திரும்பி, 'இனிமேல் நான் எறியறதை எடுக்கக்கூடாது. ஏன் எறியறேன்னு கேக்கவும் கூடாது. வாயே தொறக்கக்கூடாது. அதுக்குச் சரின்னா வந்து கூப்புடுங்க'ன்னா. போயிட்டா. பக்கத்துக் கட்டில்ல சம்பந்தி, தூங்கறாப்புல கண்ணை மூடிக்கிட்டாரு.

இது ஒரு கண்டிசனுங்களா தம்பி? ஊட்டுக்குப் பெரியவன் ஏன்னு ஒரு வார்த்தை கேக்கக்கூடாதாமா? வுடுவனா நானு. நானும் போகலை. காலைல காப்பித்தண்ணி நானே வெச்சேன், அது கசாயமாட்டம் வந்துச்சு. குடிச்சேன். சோறு கொழைஞ்சுது. தின்னேன். ராத்திரியில வெளக்கைப் போட்டுப்போட்டுத் தூங்குனேன், எதுக்குன்னு தெரியலை. பேச ஆளில்லாம எருமைகிட்டப் பேசிக்கிட்டிருந்தேன். அது காது கொடுத்துக் கேக்கும், அதை நான் சொல்லித்தான் ஆகோணும்.

ஊர்ல வேற, எவனும் கூடையத் தூக்கிக்கிட்டு எங்க ஊட்டுக்கு வர்றதில்லீங்க இப்ப. எதுக்க வர்றவன் என்னைப் பாத்து ஒடம்பு எப்படிங்கன்னு கேக்காம, 'சாமியாத்தாக்கா எப்ப வருவாங்க'ன்னு கேக்கறான். அவ வந்ததும் காளானைக் கொண்டாறோமுங்கறாங்க. என்ன ஒரு சோம்பேறித்தனம் பாருங்க, மண்ணு கழுவறதுக்குக்கூட எங்க ஊட்டு ஆளு வேணும் இவனுகளுக்கு.

சரி, பேரை மீக்கோணுமில்லீங்களா. போலி வெள்ளின்னு சபையில காட்டிப்போட்டா எல்லாம் நேராயிரும்னு ரோசனை பண்ணுனேன். அதான் இன்னைக்குக் கோபியில ஆச்சாரிகிட்டப் போனேன். கொடியை அவுத்துக் குடுத்தேன். கல்லுல ஒரசிப் பாத்தாரு, சொட்டு மருந்து வுட்டுப் பாத்தாரு, தராசுல போட்டுப் பாத்தாரு. 'சொக்க வெள்ளிங்க, இந்த மாதிரி இப்பக் கெடைக்காது'ங்கறாரு. மறுக்கா ஒரசுங்கன்னேன். மறுக்கா ஒரசுனாரு. நல்ல வெள்ளிதான்.

எனக்குத் தலை சுத்திப் போச்சு தம்பி. டீக்கடையில போயி உக்காந்தேன். வெள்ளி நல்ல வெள்ளி. கை என்ற கை. அப்பத் தப்பு எங்க? ஒரு டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள பளிச்சுனு புடிபட்டுச்சு. மஞ்சளுங்க. பாக்கெட்டு மஞ்சளு. அதுல என்ன மாவக் கலக்கறானோ எவன் கண்டான். மஞ்ச மண்டி இருக்கற சீமையில பொறந்துபோட்டுப் பாக்கெட்டுல வாங்கிப் போட்டனே, அதுதான். இந்தா பாருங்க, விரலி மஞ்சளே வாங்கியாச்சு இப்ப. சாமியாத்தாளுக்கு இதைச் சொன்னா அவளும் ஒத்துக்குவா. அவங்கப்பன் மேலயும் பழி இல்லைன்னு ஆச்சில்லீங்க.

அதுனால காலைல இந்தக் காளானைப் புடுங்குனதும் நல்லதாப் போச்சு. டீக்கடையில இருந்தே மச்சானுக்குப் போனைப் போட்டு, 'காளானோட வர்றேன், ராத்திரிக்கு உங்க ஊட்டுலதான் கொழம்பு, பெரிய சட்டியா எடுத்து வையுங்க, நானே பண்றேன்'னுட்டேன். அங்க அத்தனை பேரும் இருக்கறாங்க, மச்சான் புள்ளைங்க, பேரம்பேத்திக, எல்லாரு முன்னாடியும் கொடியைப் போட்டுக் காட்டிப்போட்டுச் சாமியாத்தாளக் கூட்டிக்கிட்டு வந்தர்றது. போன்ல மச்சான், 'சித்த இருங்க'ன்னு சொல்லிப்போட்டு அவளைக் கூப்புட்டாரு. அப்பறம் அவ வாங்குனா போனை. அத்தனை நாள் கழிச்சுப் பேசறா, நல்லாயிருக்கறீங்களான்னு கேக்கோணுமா இல்லையா? 'எத்தனை மணி பஸ்ஸு'ன்னா. மத்தியானத்துக்கு மேல கோபியில இருந்து கெளம்பறதுன்னேன். டொக்குனு வெச்சுட்டா.

பையைத் தெறந்து பாருங்க தம்பி, சும்மா பாருங்க. இது புத்து மேட்டுல புடுங்குனது. அடியில பாருங்க வேரு, இழுக்க இழுக்க வந்துக்கிட்டே இருந்துச்சு, பாதியில அந்து போச்சு. உச்சியில கூராட்டம் இருக்குதா? இந்தப் பெருசு இருக்குது பாருங்க, இது பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல புல்லுல நின்னுச்சு. தொட்டதும் கையோட வந்துருச்சு, வேரும் இல்லை ஒண்ணும் இல்லை, நோவில்லாத வேலை. மேல செதிலாட்டம் இருக்கறது சும்மா மண்ணு. தண்டுல பாருங்க, மோதிரம் போட்டாப்புல என்ன அழகா இருக்குது. பையில பாதிக்கு மேல இதுதான். ரெண்டும் ஒண்ணாட்டமே இருக்குதுங்களா? அதுதான் சொன்னேன். வேணும்னா நாலு எடுத்துக்குங்க, மஞ்சளும் ஒரு துண்டு தர்றேன். வேண்டாமுங்களா? ஏன் பையை அக்கட்ட தள்றீங்க, கடிக்காதுங்க அது.

இந்தா, கொளிஞ்சிப்புதூர் வளைவு வந்துருச்சு. மழை வேற தூறுது. மனசு என்னமோ அடிச்சுக்குதுங்க தம்பி, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க இந்த ஊருக்கு வந்தப்பக்கூட இப்படி அடிக்கலை. வர மாட்டேன்னு சொல்லிட்டாள்னா, நான் திரும்பிப் போயி அந்தக் காப்பித்தண்ணியத்தானே குடிக்கோணும்.

அட. அங்க பாருங்க தம்பி. பஸ் ஸ்டாப்புல, நீலச் சேலையில. சாமியாத்தாதானுங்க. மழையில நின்னுக்கிட்டு இருக்கறா. ஊட்டுல இருந்து இங்க வர்றதுக்கு அரை மைலு நடக்கோணும், நடந்து வந்து நிக்கறா. நான் சொன்னனில்லீங்க, என்னை வுட்டு அவளால இருக்க முடியாதுங்க. கண்ணு கலங்குது தம்பி எனக்கு. நான் எறங்கறேன், எறங்கறேன். அந்தப் பையை ஜன்னல் வழியாக் குடுத்துருங்க.

குடுங்க தம்பி. பின்னால வாழைத்தாரு எறக்கறாங்க, பஸ்ஸு சித்த நேரம் நிக்கும். என்ன, அவளே ஜன்னலுக்கு வந்துட்டாளா? சரி, அவகிட்டயே குடுங்க. என்னைப் பாக்கவே இல்லீங்க, பையைத்தான் பாக்கறா. 'தம்பி, நீங்க இதுல ஒண்ணும் எடுக்கலையில்ல'ன்னு கேக்கறா பாருங்க. எடுக்கலைன்னு சொல்லுங்க. நான் குடுத்தும் எடுக்கலை சாமியாத்தா, கூச்சப்படற புள்ள.

பாருங்க, பாருங்க, ரோட்டோரத்துலயே கொட்டிக்கிட்டுக் குந்திட்டா. ஊட்டுக்கு வர்ற வரைக்கும்கூடப் பொறுக்கலை. அட, அந்தப் பெருசை எறியறா. அதுக்கு அடுத்ததையும் எறியறா. புல்லுல புடுங்குனது அத்தனையும் போகுதுங்க தம்பி, பாதிப் பைக்கு மேல போகுது. எறியறப்பயெல்லாம் என்னை ஒரு பார்வை பாக்கறா. கேக்கறனான்னு பாக்கறா. எனக்கு நாக்கு நுனியில நிக்குது. விரலி மஞ்சளைப் பத்திக்கூட இன்னும் சொல்லலை.

கேக்கலீங்க. வாயத் தொறக்கலை. எப்படியோ முழுங்கிட்டேன். இப்பத்தான் நிமுந்து பாத்து, 'ஊட்டுச் சாவி கையிலதான வெச்சிருக்கறீங்க? திரும்பற பஸ்ஸுக்கு நம்ம ஊட்டுக்கே போயிரலாமுங்க'ங்கறா. கேட்டீங்களா தம்பி? நம்ம ஊட்டுக்கேன்னா.

நீங்க போயிட்டு வாங்க. பஸ்ஸு கெளம்புது. அவ எறியறதை எறியட்டும், மழையில நனையறா, நான் போயித் துண்டை விரிச்சு அவ தலைக்கு மேல புடிக்கறேன்.